நாலு வரி போதும் என்றாய்

அன்புள்ள மகளுக்கு,

உன் மெசேஜ் வியாழக்கிழமை விடியக் கிடைத்தது. "அப்பா, சின்னவளுக்கு ஸ்கூலில் புரொஜெக்ட், அம்மா பிறந்த நகரம் பற்றி. கொழும்பில் என்னென்ன சனம், எத்தனை வீதம், என்ன மொழி, என்ன சமயம், நாலு வரி போதும்." அவ்வளவுதான். அதற்கு முந்தினது பார்சலுக்கு விலாசம் அனுப்பிய மெசேஜ். அதற்கு முந்தினது தைப்பொங்கலுக்கு. விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன், வேறொன்றும் இல்லை. குறை சொல்ல வரவில்லை, வேலை, பிள்ளை, குளிர், எல்லாம் விளங்குகிறது. ஆனால் நாலு வரியில் எழுத எனக்கு வராது, அது உனக்கும் தெரியும், தெரிந்துகொண்டுதான் கேட்டாய் என்று அம்மா சொல்கிறாள். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. படி ஏறும்போது மட்டும் நோகிறதாம்.

முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன், ரீச்சர் அதைத்தான் பார்ப்பார். 2001 கணக்கெடுப்பில் கொழும்பு மாநகர எல்லைக்குள் 642,163 பேர். நூறு பேரை நிறுத்தினால் அதில் 41 பேர் சிங்களவர், 29 பேர் இலங்கைத் தமிழர், 24 பேர் சோனகர் என்கிற முஸ்லிம்கள், 2 பேர் இந்தியத் தமிழர், மலாயர் 2 பேருக்குக் கொஞ்சம் குறைவு, ஐரோப்பியர் வழியில் வந்த பறங்கியர் ஒரு ஆள் கூட முழுதாக வராது. அதாவது பாதியைத் தாண்டிய இனம் என்று ஒன்றும் இந்த நகரத்துக்குள் இல்லை. நாடு முழுவதையும் எடுத்தால் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் சிங்களவர். கொழும்பு மாவட்டத்தை எடுத்தாலும் கதை மாறிவிடும், 2012 இல் மாவட்டத்தில் 23 லட்சம் பேர், அதில் முக்கால்வாசிக்கு மேல் சிங்களவர், தமிழரும் சோனகரும் பத்து பத்து வீதம் அளவில். இன்டர்நெட்டில் இரண்டையும் கலந்து போட்டிருப்பார்கள், அதனால் "மாநகர எல்லைக்குள்" என்று சின்னவளைத் தெளிவாக எழுதச் சொல். பிழையாக எழுதினால் மார்க்ஸ் போகும் என்று சொல்லவில்லை, பிழையாக எழுதக்கூடாது என்றுதான்.

பார்சல் கட்டிவிட்டேன். மிளகாய்த்தூள் இரண்டு கிலோ, ஒடியல்மா, மோர்மிளகாய், பனங்கட்டி, சின்னவளுக்கு ஒரு சட்டை. பழைய வீட்டுக்கு அனுப்புவதா என்று நான் கேட்டபோது, இல்லை, இந்த விலாசத்துக்கு என்று ஒரு வரி அனுப்பினாய். யூனிட் 7 என்று இருக்கிறது. மாடியா, கீழ் வீடா? கதவுப் பூட்டு எப்படி? இரவில் உள்பக்கம் கொண்டி போடு. நீயும் பிள்ளையும் இரவில் கதவை நன்றாகப் பூட்டிவிட்டுத்தான் படுக்க வேண்டும். நீங்கள் எல்லோரும் என்று எழுத வந்தேன். மருமகனுக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறேன், அவருக்குப் பிடித்த பருத்தித்துறை வடையும் வைத்திருக்கிறேன்.

சரி, சனத்துக்கு வருகிறேன்.

இந்த வீதக் கணக்கில் வெளிநாட்டுப் பிள்ளைக்கு விளங்காத ஒரு விஷயம் இருக்கிறது. சோனகர் வீட்டில் பேசுவது பெரும்பாலும் தமிழ், ஆனால் அவர்களைத் தமிழர் என்று எழுதினால் பிழை. தமிழ்நாட்டில் ஒரு முஸ்லிம் தன்னைத் தமிழன் என்பான், இங்கே அப்படி இல்லை, இங்கே அது தனி இனம், கணக்கெடுப்பிலும் தனி வரி. 1888 இல் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் ராமநாதன் சோனகரும் இனத்தால் தமிழரே என்று வாதாடினார், அதை அவர்கள் இன்றுவரை மறக்கவில்லை. பிறகு 1915 இல் சிங்களவர் முஸ்லிம் கடைகளையும் பள்ளிகளையும் உடைத்தபோது, கைதான சிங்களத் தலைவர்களுக்காகத்தான் ராமநாதன் பேசினார், அதையும் மறக்கவில்லை. எங்களுக்கு அவர் பெரிய மனிதர். கீழ் வீட்டு ஹாஜியாரிடம் அந்தப் பெயரை எடுத்தால் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் கடலைப் பார்ப்பார். சின்னவள் "தமிழ் பேசுவோர்" என்று ஒரு பிரிவையும் "தமிழர்" என்று ஒரு பிரிவையும் தனித்தனியாகப் போடட்டும்.

ஹாஜியார் யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவில் பிறந்தவர் என்பதையும் அவளுக்குச் சொல். நாங்கள் வெள்ளவத்தையில் இருந்து இருந்து கொஞ்சம் மாறிப் பேசுகிறோம், அவர் இன்னமும் "என்ன மாதிரி, சுகமே" என்றுதான் கேட்கிறார். 1990 ஒக்ரோபரில் புலிகள் இரண்டு மணித்தியாலம் தந்து அந்த மக்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள், புத்தளத்துக்குப் போனவர்கள் போக மிச்சம் பேர் கொழும்புக்கு வந்தார்கள். ஒரே கட்டிடத்தில் பதினாறு வருஷம் மேலும் கீழுமாக இருக்கிறோம், அதைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெருநாளுக்கு வட்டிலப்பம் வரும், தீபாவளிக்கு நாங்கள் முறுக்கு அனுப்புவோம். இந்த முறையும் வட்டிலப்பம் வந்தது, உன்னைக் கேட்டார். நல்லாயிருக்கிறாள் என்று சொன்னேன்.

வட்டிலப்பம் மலாயர் கொண்டுவந்த பண்டம் என்பார்கள். ஒல்லாந்தர் காலத்தில் யாவாவிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் படைவீரர்களாகவும், நாடு கடத்தப்பட்ட அரச குடும்பத்தினராகவும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். கொம்பனித்தெருவில் அந்தக் காலத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றால் உள்ளே மலாய், பள்ளிவாசலில் தமிழ், தெருவில் சிங்களம், அலுவலகத்தில் இங்கிலீஷ் என்று ஒரே ஆள் நாலு மொழி மாறுவதைக் கேட்கலாம். இப்போது அங்கே கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பிவிட்டன, பழைய சனத்தில் பாதியைத் தொடர்மாடிகளுக்கு ஏற்றிவிட்டார்கள். இன்னும் எழுத எவ்வளவோ சின்னச் சின்னக் கூட்டம் இருக்கிறது, கொழும்புச் செட்டிகள், பரதர், பம்பலப்பிட்டிப் பள்ளிக்கு வரும் போராக்கள், மேமன்கள், சிந்திகள், கைவிரலில் எண்ணிவிடக்கூடிய பார்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போடச் சொல், இல்லாவிட்டால் அவர்களை ஒருவரும் எழுத மாட்டார்கள்.

பறங்கியரைப் பற்றி அவள் நேரிலேயே கேட்கலாம். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு இங்கிலீஷ் பேசிய அந்தக் குடும்பங்கள் கப்பல் கப்பலாக அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டன, கொழும்புப் பறங்கியரைப் பார்க்க இப்போது மெல்பேர்ணுக்குத்தான் வரவேண்டும். எங்களுக்குப் பழக்கமான பறங்கி நோனா கடைசியாகப் போனவர்களில் ஒருத்தி. அவளுடைய பிள்ளைகள் யாராவது உன் பக்கத்தில் இருந்தால் ஒருநாள் போய்ப் பார். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருப்பது நல்லது. இப்போது இன்னும் நல்லது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, சனிக்கிழமைகளில் நான் உன்னைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போவேன், 155 பஸ்ஸில் ஏறி, நீ ஜன்னல் பக்கம். அம்மா திட்டுவாள், வெயிலுக்குள் பிள்ளையை அலைக்கிறாய் என்று. அந்த நடையை அப்படியே சின்னவளின் புரொஜெக்டில் வரைந்துவிடலாம். செட்டியார் தெருவில் நகைக்கடைகளும் கதிரேசன் கோவில்களும், ஆடிவேல் தேர் அங்கிருந்து புறப்பட்டுக் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு வரும். கொஞ்சம் நடந்தால் பொன்னம்பலவாணேஸ்வரர், ராமநாதனுடைய தகப்பன் கட்டினதை மகன் கருங்கல்லால் திருப்பிக் கட்டிய கோவில், உள்ளே போனால் கொழும்பு என்ற நினைப்பே போய்விடும், அவ்வளவு இருட்டும் குளிரும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அந்தோனியார். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுதிரி கொளுத்துகிறவர்களில் யார் கத்தோலிக்கர், யார் சைவர், யார் புத்த சமயம் என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது, முக்காடு போட்ட பெண்களையும் கண்டிருக்கிறேன். மேட்டில் 1757 இல் ஒல்லாந்தர் கட்டி முடித்த வொல்வெண்டால் தேவாலயம். அங்காலே சாந்த லூசியாள் பேராலயம், அதற்கும் அங்காலே தீபதுத்தாராமை விகாரை, இன்று உலகம் எல்லாம் பறக்கிற பௌத்த கொடியை 1885 வெசாக் அன்று முதலில் ஏற்றிய இடங்களில் ஒன்று. புறக்கோட்டைக்குத் திரும்பும்போது இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளி, வெள்ளையும் சிவப்புமாய்ப் பூந்தி மாதிரி இருக்கிறது என்று நீ சொன்னாய். 1909 இல் கட்டி முடித்தது. அதற்குச் சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும் பெயர், காலி வீதியில் நாங்கள் தேங்காய் உடைக்கிற மாணிக்கப் பிள்ளையாருக்கும் சம்மாங்கோடு என்றுதான் பெயர். இந்தியாவிலிருந்து கடலோடி வந்த வியாபாரிகளின் பெயர் பள்ளியிலும் இருக்கிறது, பிள்ளையாரிலும் இருக்கிறது.

எல்லாம் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று மட்டும் அவள் எழுத வேண்டாம். கொடி ஏறியதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1883 உயிர்த்த ஞாயிறு அன்று, இதே கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் மறித்து அடித்தார்கள். 2019 இல் இன்னொரு உயிர்த்த ஞாயிறு, ஏப்ரல் 21, அந்தோனியார் கோவிலில் முஸ்லிம் தீவிரவாதிகளின் குண்டு வெடித்து என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, அன்றைக்கு நீ அவுஸ்திரேலியாவிலிருந்து பதினொரு தரம் கோல் எடுத்தாய். அப்போது எடுப்பாய். அன்று பின்னேரம் ஹாஜியார் வீட்டு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது, ஒரு கிழமைக்குத் திறக்கவில்லை. அம்மா மட்டும் கீழே இறங்கிப் போய்ப் பாணும் பருப்பும் கொடுத்துவிட்டு வந்தாள். நான் போகவில்லை.

கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளிப் பக்கத்துத் தமிழரைப் பற்றியும் எழுத வேண்டும், வெள்ளவத்தையில் இருக்கும் நாங்கள் அவர்களை ஒரு படி கீழேதான் வைத்துப் பார்த்தோம், அதை மறைத்து என்ன. துறைமுகத்தில் மூட்டை சுமக்கவும் மாநகரத்துக் குப்பை அள்ளவும் இந்தியாவிலிருந்து கொண்டுவந்தவர்களின் பிள்ளைகள், மலைநாட்டிலிருந்து கடை வேலைக்கு வந்தவர்கள், "தோட்டம்" என்கிற வரிசை வீடுகளில் பத்துக் குடும்பத்துக்கு ஒரு பைப். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாய்ப் போனவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். வீதக் கணக்கில் இந்தியத் தமிழர் இரண்டு பேர் என்று வருகிறதே, அதை நம்பாதே. நான் 81 இல் கணக்கெடுக்கப் போனபோது கூட, இந்தியன் என்று எழுதினால் கப்பலேற்றிவிடுவார்களா என்று கேட்டவர்கள் உண்டு, இலங்கைத் தமிழர் என்றே போடுங்கோ ஐயா என்பார்கள். அவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன்.

ஆமாம், 81 கணக்கெடுப்பு. அதை அவளுக்கு நீ சொல்லியிருக்கிறாயா? தாத்தா கொழும்பு மக்களை எண்ணியவர் என்று சொல். 1901 இல் இந்த நாட்டையே எண்ணியவர் ராமநாதனின் தம்பி அருணாசலம் என்றும் சொல், கொழும்புத் தமிழர், குடிசன மதிப்புக்குப் பொறுப்பாக இருந்தார். 1937 இல் கொழும்புக்கு முதல் மேயரும் ஒரு தமிழர்தான், ரட்ணசோதி சரவணமுத்து, அவருடைய மனைவி நேசம் அதற்கு முன்பே கொழும்பு வடக்கு உறுப்பினராகச் சட்டசபையில் இருந்தவர். நீ உன் ஒஃபீசில் அத்தனை வெள்ளைக்காரருக்கு மேலே இருக்கிறாய் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அந்த அம்மாதான் நினைவுக்கு வந்தார். உன்னைப் பற்றி நான் இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன், உனக்குத்தான் சொன்னதில்லை.

1981 மார்ச் 17. வேலைக்குச் சேர்ந்த புதிது, இருபத்துநாலு வயது. வெள்ளவத்தையில் கடல் பக்கம் நாலு ஒழுங்கை என் பொறுப்பு. பென்சில், அழிறப்பர், ஒரு கட்டு படிவம். இந்த இரவு இந்த வீட்டில் யார் யார், குடும்பத் தலைவர் யார், அவருக்கு இவர் என்ன முறை, வயது, இனம், சமயம், எழுத வாசிக்கத் தெரிந்த மொழி. எத்தனை வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள்! தெஹிவளைப் பக்கம் முடிகிற ஒழுங்கையில் ஒரு சிங்கள ஆச்சி மூன்று மொழியும் வாசிப்பேன் என்று சொல்லி, நான் நம்பவில்லை என்று நினைத்துத் தமிழ் பேப்பரை எடுத்து வந்து உரத்து வாசித்துக் காட்டினாள். அந்த ஒரு கிழமையில் நான் இந்த நகரத்தைக் கண்ட மாதிரிப் பிறகு ஒருநாளும் கண்டதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 83 ஜூலையில், கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு எது தமிழர் வீடு என்று பார்த்துப் பார்த்து வந்தார்கள். அது நான் எழுதிய பட்டியல் இல்லை, வேறு இடாப்பு, எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாலு ஒழுங்கையிலும் எரிந்த வீடுகளை நான் இலக்கத்தோடு சொல்வேன், உள்ளே எத்தனை பேர், கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது என்று சொல்வேன். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் அவர்களில் பாதிப் பேரைக் கண்டேன். பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். சிலர் திரும்பி வந்தார்கள், பிறகு யாழ்ப்பாணத்தில் சண்டை வரவர இன்னும் பேர் வந்தார்கள், வெளிநாட்டுக் காசில் தொடர்மாடிகள் எழும்பின, அப்படித்தான் எரிந்த இதே வெள்ளவத்தையைச் சின்ன யாழ்ப்பாணம் என்று சொல்லும் அளவுக்கு ஆனது. ஆனால் அதற்குப் பிறகு யாராவது கதவைத் தட்டி வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் எனக்கு வயிற்றைப் புரட்டும். அந்தப் பயம் என்னைவிட்டுப் போகவே இல்லை. அதைக் காரணமாகச் சொல்லித்தான் ஒரு காரியம் செய்தேன்.

2007. நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று உனக்கு விளங்கியிருக்கும்.

உன் சித்தி, குஞ்சியம்மாவின் மூத்தவன் பாஸ்போர்ட் எடுக்க கிளிநொச்சியிலிருந்து வந்தான். வாசலில் ஒரு பையோடு நின்று, "பெரியப்பா, பத்து நாள்தான்" என்றான். நீ உள்ளேயிருந்து, "அண்ணா என்ர அறையில இருக்கட்டும், நான் அம்மாவோட படுக்கிறன்" என்றாய். அப்போது உனக்குப் பதினேழு வயது. உனக்கு ஓகஸ்ட்டில் ஏ.எல் சோதனை, வீட்டில் ஆள் இருந்தால் படிப்புக் குழம்பும் என்று சொன்னேன். அது பொய். வீட்டில் ஒருவர் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும், புலிகளின் பிடியில் இருந்த வன்னி விலாசத்தோடு ஒரு இளம் பெடியனின் பெயர் என் வீட்டுப் படிவத்தில் ஏறும், அதுதான் காரணம். நானே அவனை லொட்ஜுக்குக் கூட்டிப்போய் ஒரு கிழமைக்குக் காசு கட்டினேன். நல்ல மனிதன் மாதிரி, சாப்பிட்டுக்கொள் என்று கையில் ஆயிரம் ரூபாயும் வைத்தேன்.

ஜூன் 7 விடியற்காலையில் லொட்ஜுகளில் இருந்த தமிழரை எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள், முன்னூற்றுக்கு மேற்பட்டோர். அவனும் அதில், வவுனியா பஸ்ஸில். அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது, திரும்பி வந்தவர்களும் உண்டு. அவன் வரவில்லை. அம்மாவிடம் போகிறேன் என்று வவுனியாவிலிருந்து ஒரு கோல் எடுத்தான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்தில் வன்னிப் போரில் என்ன நடந்தது, குஞ்சியம்மா அவனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனை வாசலில் நின்றாள், எல்லாம் உனக்குத் தெரியும்.

அவனே லொட்ஜ்தான் வசதி என்றான், பாஸ்போர்ட் ஒஃபீஸ் போக அதுதான் கிட்ட என்று குஞ்சியம்மாவிடம் சொன்னேன். அவள் அதை நம்பினாள். சாகும்வரைக்கும் நம்பினாள். செத்த வீட்டில் நான் கொள்ளி எடுப்பவர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் அதைத் திருத்தவில்லை. நீ மட்டும் அவன் வந்த அன்றைக்கு நின்று பார்த்தவள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, நாலாம் நாள் அம்மா சொல்லிப் பேசினாய், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பின் அறை காலியாக இருந்தது. அந்தப் பத்து நாளும் காலியாக இருந்தது. நீ அதற்குள் போய்ப் படிக்கவும் மாட்டேன் என்று மேசையைக் ஹோலுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாய்.

என்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் உனக்கு ஏன் யோசனை வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஊர் என்ன சொல்லும், யார் பார்ப்பார்கள் என்று முதலில் பார்க்கிறவர் அப்பா என்று நினைப்பாய். அப்படித்தான் இருந்தேன். நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. யூனிட் 7 என்று நீ எழுதின விலாசத்தை அப்படியே பார்சலில் எழுதினேன், உன் பெயரை மட்டும் போட்டேன், கடைக்காரப் பெடியன் இன்னொரு பெயரும் போடவா என்றான், வேண்டாம் என்றேன். வடையை நீங்களே சாப்பிடுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளைக்கு மட்டும் சமைத்துவிட்டு நீ பிஸ்கட்டோடு இருக்காதே, அது உன் பழக்கம். கொண்டி போட மறக்காதே. காசு தேவையென்றால் என் பென்ஷன் கணக்கில் கிடக்கிறது, எங்கள் இரண்டு பேருக்கும் என்ன செலவு.

2024 கடைசியில் கணக்கெடுக்க ஒரு பிள்ளை வந்தாள், சிங்களப் பிள்ளை, தமிழ் கொஞ்சம் தட்டித்தட்டிப் பேசினாள், கையில் டப்லட், எங்கள் காலம் மாதிரிப் பென்சில் இல்லை. நான் எழும்பிக் கதிரை போட்டேன். வீட்டில் யார் யார் என்று கேட்டாள். அம்மா, நான், மகள், பேத்தி என்று சொல்லிக்கொண்டே போனேன். மகள் எங்கே என்றாள். அவுஸ்திரேலியாவில் என்றேன். வெளிநாட்டில் குடியிருப்பவர்களை இந்த வீட்டில் சேர்க்க முடியாது அங்கிள் என்று பணிவாகச் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள், அந்த விதி எனக்குத் தெரியாதா. இரண்டு பேர் என்று போட்டுக்கொண்டு போனாள். அன்று இரவு அம்மா என்னைக் கேட்டாள், நீங்கள் ஏன் அவர்கள் இரண்டு பேரையும் சொன்னீர்கள், மருமகனைச் சொல்லவில்லையே என்று. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. வாயில் அப்படி வந்தது.

பின் அறையில் அடைந்து கிடந்த பழைய பேப்பர், உன் ஏ.எல் புத்தகம், உடைந்த ஃபான், எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன். ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று, கடல் காற்று நன்றாக வருகிறது, ரயில் சத்தம்தான் முன்பு போலவே. மேசையைத் திரும்ப உள்ளே போட்டிருக்கிறேன். புதுக் கட்டில் வாங்கவா, பழையதில் நீயும் சின்னவளும் படுக்கலாமா என்று அம்மா அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த முறை பதிய வேண்டுமென்றாலும் நானே பதிவேன்.

சின்னவளுக்கு ஸ்கூல் விடுமுறை எப்போது என்று ஒரு வரி போடு.

அப்பா